சுவர் நிற்கும் இரண்டு அடி யாருடையது?

கேள்வி: 2023-இல் வங்கிக் கடன் வாங்கி, மதுரைப் புறநகரில் 5 சென்ட் மனையோடு கட்டிய வீடு வாங்கினோம். கிழக்கே சாலை. பத்திரத்தில் தென்வடல் 33 அடி, கிழமேல் 66 அடி என்று இருக்கிறது. வடபக்கச் சுற்றுச்சுவர் முந்தைய உரிமையாளர் 2009-இல் கட்டியது. வடக்கே காலியாகக் கிடந்த மனையைச் சென்ற ஆண்டு ஒருவர் வாங்கினார். அவர் தனியார் சர்வேயரை வைத்து அளந்துவிட்டு, "உங்கள் சுவர் என் மனைக்குள் இரண்டு அடி வந்திருக்கிறது, ஒரு மாதத்தில் எடுக்காவிட்டால் நானே இடிப்பேன்" என்கிறார். பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. 12 வருடம் தாண்டிவிட்டதால் இடம் நமக்குத்தான் என்று உறவினர் ஒருவர் தைரியம் சொல்கிறார். என்ன செய்வது?
— வாசகி, மதுரை

பதில்: முதலில் இடிக்கும் பேச்சை முடித்துவிடலாம். இடம் அவருடையதே என்றாலும், 15 வருடத்துக்கு மேல் நிற்கும் சுவரை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அவர் தானாக இடிக்க முடியாது. சுவரை இரு பக்கமும், சாலையிலிருந்தும் இன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் காவல் நிலையத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சான்று, வாங்குங்கள். 'இது சிவில் விவகாரம்' என்று அங்கே சொல்வார்கள். எல்லை யாருடையது என்பது சிவில் விவகாரம்தான். ஆள் வைத்து இடிப்பேன் என்பது அப்படியல்ல. அவர் முந்திக்கொண்டு வழக்குப் போட்டு, உங்களைக் கேட்காமலே இடைக்கால உத்தரவு வாங்கிவிடாதபடி, வழக்கறிஞர் மூலம் கேவியட் மனு போட்டுவிடுங்கள். அது 90 நாள் செல்லும். இதற்கிடையே "அளந்து பார்த்து விட்டுத் தருகிறோம்" என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது இடத்துக்கு வருவோம். 33-ஐ 66-ஆல் பெருக்கினால் 2,178 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதால் சரியாக 5 சென்ட். பழைய சங்கிலி அளவு 66 அடி, அதாவது 100 லிங்க்ஸ். உங்கள் மனை அரைச் சங்கிலிக்கு ஒரு சங்கிலி. ஆகப் பத்திரத்துக்குள் கணக்கு இடிக்கவில்லை. அவர் கேட்பது 66 அடி நீளத்துக்கு 2 அடி: 132 சதுர அடி, சென்ட்டில் சுமார் 0.3.

பட்டாவை எடுத்துப் பாருங்கள். பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 5 சென்ட் முழுதாக இருந்தால் '0 - 2.02' என்று, அதாவது 202 சதுர மீட்டர், காட்ட வேண்டும். '0 - 1.90' என்று இருந்தால் அது 2,045 சதுர அடிதான். அவர் கேட்கும் அந்த இரண்டு அடி வருவாய்க் கணக்கில் ஏற்கெனவே உங்களிடம் இல்லை என்று பொருள். பட்டா வந்ததும் பெயரை மட்டும் பார்த்துவிட்டுப் பீரோவில் வைப்பதுதான் நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு. பெயரைவிடப் பரப்பும் உட்பிரிவு எண்ணும் முக்கியம். கூட்டுப் பட்டாவாக இருந்தால் உங்கள் துண்டு தனியாக அளந்து பிரிக்கப்படவே இல்லை. அந்தப் பட்டாவை வைத்து எல்லை பேச முடியாது.

அடுத்தது புலப்படம், அதாவது நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் அரசு வரைபடம். அரசின் இ-சேவை தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கொடுத்து நீங்களே எடுக்கலாம். நகர அளவை செய்த பகுதி என்றால் வார்டு, பிளாக், நகரளவை எண் வேண்டும். அதில் உங்கள் உட்பிரிவின் ஒவ்வொரு பக்க அளவும் மீட்டரில், ஒரு தசமத்தோடு இருக்கும். 33 அடி என்பது 10.06 மீட்டர், படத்தில் 10.0 என்றோ 10.1 என்றோதான் வரும். ஒரு தசமம் என்பது 10 சென்டிமீட்டர், சுமார் 4 அங்குலம். நாலு அங்குலத் தகராறைப் புலப்படத்தை வைத்துத் தீர்க்க முடியாது. இரண்டு அடி தாராளமாகத் தெரிந்துவிடும்.

ஆனால் உங்கள் மனையையும் அவர் மனையையும் மட்டும் அளந்தால் விடை வராது. இந்த மாதிரித் தகராறுகளில் பல, இரண்டு அண்டை வீட்டாரும் செய்த தவறே அல்ல. மனை பிரித்து விற்றவர், நிலத்தில் இருப்பதைவிட அதிகமாகப் பத்திரத்தில் எழுதிவிடுவார். ஒரு வரிசையில் தெற்கிலிருந்து வடக்காக ஆறு மனை, ஆளுக்கு 33 அடி என்றால் 198 அடி வேண்டும். அந்தப் புலத்தின் சாலையோர நீளம் புலப்படத்தில் 59.6 மீட்டர் என்று இருந்தால் அது 195 அடி 6 அங்குலம்தான். இரண்டரை அடி பூமியிலேயே இல்லை. முதலில் வீடு கட்டியவர்கள் 33 அடியை முழுதாகப் பிடித்துக்கொள்ள, கடைசியாகச் சுவர் வைக்க வருபவருக்குத்தான் அந்தக் குறை தெரியும். உங்கள் பக்கத்து மனை இவ்வளவு நாள் காலியாகக் கிடந்ததால் இந்தச் சந்தேகம் வலுவாகவே இருக்கிறது. அதனால் பதிவுத்துறைத் தளத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டு, வரிசையில் உள்ள எல்லா மனைகளின் அளவையும் முதல் கிரயத் தேதியையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே ஆள் ஒரே இடத்தை இருவருக்கு எழுதியிருந்தால், முதலில் எழுதிக் கொடுத்ததற்கே முன்னுரிமை. சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 48-ஆம் பிரிவு அதைச் சொல்கிறது. நீங்கள் வாங்கிய தேதி 2023 என்றாலும், இரு மனைகளுக்கும் மூலப்பத்திரம் எப்போது எழுதப்பட்டது என்பதுதான் இங்கே கணக்கு.

இந்தத் தாள்களோடு அரசு நில அளவருக்கு எல்லை அளக்க மனுப் போடுங்கள். இணையத்திலோ இ-சேவை மையத்திலோ கட்டணம் கட்டிப் பதியலாம். பக்கத்து நிலக்காரர்களுக்கு அறிவிப்புப் போனதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அறிவிப்பு இல்லாமல் அளந்தால் 'எனக்குத் தெரியாது' என்ற ஒரே சொல்லில் அளவீடு வீணாகிவிடும். அளக்கும் நாளில் கவனிக்க வேண்டியது, டேப்பின் முதல் முனையை எங்கே வைக்கிறார் என்பதுதான். சாலை ஓரத்திலிருந்தோ, எதிர்ப்பக்க அண்டை வீட்டின் சுவரிலிருந்தோ தொடங்கினால் அந்த அளவு நிற்காது. சாலை அகலமாகியிருக்கலாம், அந்தச் சுவரே தள்ளி நிற்கலாம். தனியார் அளவீடுகள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகின்றன. பெயராமல் இருக்கும் புல எல்லைக் கற்கள் இரண்டையாவது பிடித்து, அவற்றுக்கு இடையிலான தூரம் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே உள்ளே உட்பிரிவுக்கு வர வேண்டும். மூன்று புலங்கள் சந்திக்கும் முனையில் உள்ள கல் கிடைத்தால் நல்லது. புதரை வெட்டி, மண்ணைச் சுரண்டிக் கல்லைத் தேடி வைப்பது உங்கள் வேலை. முதல் நாளே ஆள் வைத்துச் செய்துவிடுங்கள். அளந்து முடித்ததும் சுவர் கோட்டுக்கு எந்தப் பக்கம், எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்த வரைபட நகலைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். நில அளவர் கோட்டைக் காட்டுவார். உரிமையை அவர் தீர்மானிக்க முடியாது, வட்டாட்சியராலும் முடியாது. பட்டா வருவாய்ப் பதிவு மட்டுமே. உரிமையைச் சொல்லும் இடம் உரிமையியல் நீதிமன்றம்.

உறவினர் சொன்ன 12 வருடக் கணக்கு பாதி சரி. முந்தைய உரிமையாளர் 2009 முதல் அனுபவித்த காலத்தை உங்கள் காலத்தோடு சேர்த்துக் கேட்க வழி உண்டு. இப்படிப் பிறர் இடத்தை நெடுங்காலம் அனுபவித்து உரிமை கோரும் எதிரிடை அனுபவத்தை வாதியாகவே போய்க் கேட்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் அதைக் கேட்பவர், இடம் உண்மையில் எதிராளியுடையது, அவர் அறிய நான் எதிர்த்து அனுபவித்தேன் என்று சொல்லியாக வேண்டும். "இது என் பத்திரத்தில் உள்ள இடம்" என்பதோடு அது மோதும். அளவு தெரியாமல் சுவரைத் தள்ளி வைத்ததை எதிரிடை அனுபவமாக நிரூபிப்பதும் கடினம். அதோடு உங்கள் கிரயப் பத்திரம் உங்களுக்குக் கொடுத்தது 33 அடியைத்தான், 35 அடியை அல்ல. இதைக் கடைசிக் கவசமாக வைத்துக்கொள்ளுங்கள். அளவீடு முடியும் முன்பே "12 வருடமாச்சு" என்று பேசத் தொடங்கினால், இடம் உங்களுடையதல்ல என்று நீங்களே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும்.

சுவர் சரியான கோட்டில் இருந்தால் வரைபட நகலை அவரிடம் கொடுங்கள். பெரும்பாலோர் அதோடு அடங்கிவிடுவார்கள். அடங்காவிட்டால் வழக்கு. வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்டுப் போடாதீர்கள். உரிமையே கேள்விக்குள்ளாகியிருக்கும்போது விளம்புகைப் பரிகாரமும் (இடம் யாருடையது என்று நீதிமன்றம் அறிவிப்பது) சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது 2008 முதல் உச்ச நீதிமன்றத்தின் தெளிவான நிலை. நில அளவர் உதவியோடு இடத்தைப் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையர் ஒருவரை நியமிக்கவும் தொடக்கத்திலேயே மனுச் செய்யுங்கள்.

சுவர் உள்ளே போயிருந்தால், அந்த 132 சதுர அடியை விலை பேசி வாங்குவதே நல்லது என்பது எங்கள் கருத்து.  ஆனால் வெறும் முத்திரைத் தாளில் எழுதிக்கொள்ளும் உடன்பாட்டால் உரிமை மாறாது. கிரயமாகப் பதிய வேண்டும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பிறகு அந்தத் துண்டுக்கு உட்பிரிவு செய்து பட்டாவிலும் ஏற்ற வேண்டும். பேச்சு இழுபறியானால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முன்பாகவே சமரச மனுக் கொடுக்கலாம். லோக் அதாலத்தில் முடிந்தால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம்.

விற்றவரை விட்டுவிட வேண்டாம். கிரயப் பத்திரத்தின் பிற்பகுதியில், பின்னால் வில்லங்கம் வந்தால் தன் சொந்தச் செலவில் தீர்த்துத் தருவதாக ஒரு வரி இருக்கும், தேடிப் பாருங்கள். நிலம் குறைந்தது உறுதியானால் அந்த வரியைக் காட்டி வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள், தள்ளிப்போடாதீர்கள், இழப்பீடு கேட்கக் கால வரம்பு உண்டு. அளவோ நான்கெல்லையோ தவறாகத் தட்டச்சாகியிருப்பது மட்டுமே சிக்கல் என்றால், அவரை அழைத்துப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிந்தால் போதும். எதுவானாலும் அசல் பத்திரம் வங்கியில் இருக்கிறது. வங்கியின் வழக்கறிஞர் பார்த்தது தாள்களை மட்டுமே, எல்லைக் கல்லை அல்ல; ஆகவே அவர் கருத்துரை இந்தத் தகராறில் உதவாது. ஆனாலும் திருத்தப் பத்திரம் எழுதும் முன் வங்கிக்குக் கடிதம் கொடுத்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.