காசு குடுக்க முதல்: ஹொட் ரப் கேள்வி பதில்

போன மாசம் ஏசி பற்றி எழுதேக்க போற போக்கில ஹொட் ரப், அதுதான் ஆக்கள் இருந்து ஊறுற சுடுதண்ணித் தொட்டி, எண்டு ஒரு சொல்லு எழுதிப்போட்டன், அதுக்கே இவ்வளவு கடிதம். எழுதினவை எல்லாரும் கனடாவில ஒன்ராறியோ மாகாண ஆக்கள், அதால சட்டம் பற்றி நான் சொல்லுறது ஒன்ராறியோவுக்கு மட்டும்தான். கடிதங்களைச் சுருக்கிப் போட்டிருக்கிறன்.

கேள்வி (பிரம்ரன்): அக்கா, ஜக்கூசியும் ஹொட் ரப்பும் ஒண்டோ? கடைக்காரன் ஜக்கூசி எண்டுதான் சொன்னவன், வீட்டை வந்ததில வேற பேர் கிடக்கு.

பதில்: ஜக்கூசி ஒரு கம்பனியின்ர பேர். இத்தாலியில இருந்து கலிபோர்னியாவுக்குப் போன சகோதரங்களின்ர குடும்பப் பேர் அது, மூட்டு வாதம் வந்த தங்கட பிள்ளைக்காண்டி தொட்டித் தண்ணியைச் சுழட்டுற பம்ப் ஒண்டு செய்ததில துவங்கினது. எங்கட சனம் எல்லா ரப்பையும் ஜக்கூசி எண்டுதான் சொல்லும், கடைக்காரருக்கும் அது தெரியும். கொன்றாக்டை எடுத்து பேரும் மொடல் நம்பரும் என்ன எண்டு பாருங்கோ. அதில ஜக்கூசி எண்டு இருந்தா உடன திருப்பி எடுக்கச் சொல்லுங்கோ. இல்லாட்டி வாயால சொன்னதை நிரூபிக்கிறது பெரிய பாடு.

கேள்வி (மார்க்கம்): நாங்கள் நாலு பேர், அம்மாவும் எங்களோட. 40 ஜெட் (தண்ணி பீச்சுற ஓட்டை) உள்ளது காணுமோ, 90 ஜெட் உள்ளது எடுக்கவோ? 3,000 டொலர் வித்தியாசம்.

பதில்: ஜெட்டை எண்ணி வாங்காதேங்கோ தங்கச்சி. பம்ப் தள்ளுற தண்ணி ஒரு அளவுதான், அதை 40 ஓட்டையால விட்டாலும் 90 ஓட்டையால விட்டாலும் அதே தண்ணிதான், ஓட்டை கூடக் கூட ஒவ்வொண்டிலயும் வாற அடி குறையும். எத்தினை பம்ப், மூடி எவ்வளவு தடிப்பு, உள்ளுக்கு ஃபோம் முழுக்க அடிச்சிருக்கோ எண்டு கேளுங்கோ. 6 பேர் எண்டு எழுதியிருந்தா 4 பேர் வசதியா இருக்கலாம் எண்டு எடுங்கோ. கன கடையில தண்ணி நிரப்பி ஓடுற ரப் ஒண்டு வைச்சிருப்பினம், குளிக்கிற உடுப்போட போய் இருந்து பாக்கலாம், அதுக்கு வெக்கப்படத் தேவையில்லை. படுக்கிற மாதிரி இருக்கிற சீற்றில கட்டையான ஆக்கள் மிதந்து போவினம், இருந்து பாத்தாத்தான் தெரியும்.

அம்மாவையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கோ. ரப்பின்ர விளிம்பு 90 சென்ரிமீற்றர் மட்டில வரும். போன வருஷம் ஒரு கடையில பாத்தன், ஒரு அம்மா சீலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு படியில ஏறி, ஒரு காலை விளிம்புக்கு மேலால போட்டிட்டா, மற்றக் காலைத் தூக்க ஏலேல்லை, அப்பிடியே நிக்கிறா, விளிம்பைப் பிடிச்ச கை நடுங்குது, மகன் அங்கால நிண்டு விலை பேசிக்கொண்டு நிக்கிறார். கைபிடி தனியா வாங்கிப் பூட்டலாம், பெரிய காசு இல்லை, ஆனா அந்தக் கடையில ஒருத்தரும் அதைப் பற்றி வாயே திறக்கேல்லை. அம்மா பிறஷருக்கு மருந்து எடுக்கிறா எண்டா டொக்டரிட்டையும் ஒருக்காக் கேளுங்கோ.

கேள்வி (ஏஜக்ஸ்): வீட்டுக்குப் பின்னால டெக் (மரப்பலகை மேடை) இருக்கு, 12 வருஷத்துக்கு முதல் கட்டினது, பலமாத்தான் இருக்கு. அதுக்கு மேல வைக்கலாம்தானே?

பதில்: வைக்க வேண்டாம். தண்ணி மட்டும் 1,400 லீற்றர், எண்டா 1,400 கிலோ. ரப் ஒரு 400 கிலோ, ஆக்கள் 400 கிலோ. 2 மீற்றருக்கு 2 மீற்றர் இடத்தில 2 தொன்னுக்கு மேல, எண்டா சதுர மீற்றருக்கு 500 கிலோவுக்கு மேல. சாதாரண டெக் சதுர மீற்றருக்கு 200 கிலோ மட்டில தாங்கத்தான் கணக்குப் பாத்துக் கட்டுறது. நிலத்தில கொங்கிறீற் போட்டு வையுங்கோ, இல்லாட்டி எஞ்சினியர் ஒருத்தரிட்டைக் காட்டி எழுத்தில வாங்குங்கோ. "பலமாத்தான் இருக்கு" எண்டுறது உங்கட கண் சொல்லுறது.

கேள்வி (ஸ்காபரோ): கண்காட்சி ஒண்டுக்கு குடும்பமாப் போனனாங்கள். இண்டைக்கு மட்டும்தான் இந்த விலை எண்டு சொல்லி 15,500 டொலருக்குக் கையெழுத்து வாங்கிப்போட்டினம், 4,000 முற்பணம் கார்ட்டில எடுத்தாச்சு. விடிய எழும்பி யோசிச்சா வீட்டு மோட்கேஜே கஷ்டம். பத்து நாளுக்குள்ள கான்சல் பண்ணலாம் எண்டு நம்பிப் போனா, ஏலாது எண்டுறாங்கள். ஏமாத்துறாங்களோ?

பதில்: தம்பி, உங்கட கடிதத்தை ரெண்டு தரம் வாசிச்சன். கவலையா இருக்கு, ஏனெண்டா இந்த ஒரு விஷயத்தில அவங்கள் சொல்லுறது சரி.

எங்கட சனத்தில முக்காவாசிப் பேருக்கு இந்தப் பத்து நாள் கதை அரைகுறையாத்தான் தெரியும். அந்தப் பத்து நாள், உங்கட வீட்டு மேசையில வைச்சோ, விக்கிறவன்ர கடை இல்லாத வேற இடத்தில வைச்சோ கையெழுத்து வாங்கினா உங்களுக்கு இருக்கு. ஆனா சந்தை, ஏலம், வர்த்தகக் கண்காட்சி, விவசாயக் கண்காட்சி எல்லாத்தையும் சட்டத்தில பேர் சொல்லியே வெளியில விட்டிருக்கு. கடைக்குப் போய் வாங்கினாலும் பத்து நாள் இல்லை. ஹொட் ரப் கனக்க விக்கிற இடமே கண்காட்சிதான், ஆக்களை நெருக்கிக் கையெழுத்து வாங்கிறதும் அங்கதான், அந்த இடத்திலயே பாதுகாப்பு இல்லை எண்டா என்ன நியாயம்? வீட்டு வாசலில வந்து நிக்கிறவனிட்டை "போ" எண்டு கதவைச் சாத்தலாம், கண்காட்சியில பிள்ளை தோளில நித்திரை, மனிசி களைச்சுப்போய் நிக்கிறா, வெள்ளைத் தாளில விலையை வெட்டி வெட்டி எழுதிக் காட்டி, பேனையையும் மூடி கழட்டித்தான் கையில தருவாங்கள். இந்தச் சட்டத்தை மாத்த வேணும் எண்டு என்ர எம்பிபிக்கு (மாகாண சபை உறுப்பினருக்கு) ரெண்டு தரம் எழுதியிருக்கிறன், இன்னும் எழுதுவன்.

நான் ஒருக்கா வேணுமெண்டு ஒரு கண்காட்சிக்குப் போய், "இண்டைக்கு மட்டும்" எண்டு போட்டிருந்த விலையைப் போனில படம் எடுத்துக்கொண்டு வந்து, மூண்டு கிழமை கழிச்சு அதே கம்பனியின்ர கடைக்குப் போய்ப் பாத்தன். அதே ரப், அதே விலை. இதைத்தான் நீங்களும் செய்ய வேணும், இந்தக் கிழமையே செய்யுங்கோ. இல்லாத விலைக்கழிவை இருக்கு எண்டு சொல்லி விக்கிறது நுகர்வோர் சட்டத்தில நியாயமில்லாத வியாபார நடைமுறை, அப்பிடிச் சொல்லி வாங்க வைச்சிருந்தா கொன்றாக்ட் போட்டு ஒரு வருஷத்துக்குள்ள அதை முறிக்க உங்களுக்கு உரிமை இருக்கு. கடையில அதே விலை கிடந்தா படம் எடுத்து, திகதியோட எழுதி அனுப்புங்கோ. டெலிவரி திகதி என்ன எண்டும் கொன்றாக்டில பாருங்கோ, அந்தத் திகதியில இருந்து 30 நாள் கழிஞ்சும் சாமான் வரேல்லை எண்டாலும் கான்சல் பண்ணலாம். ஆனா பிந்தி வந்ததை ஏற்று இறக்கிப்போட்டீங்களெண்டா அந்த உரிமை போச்சு.

கேள்வி (ஸ்காபரோ): மச்சான் ஒருத்தர் எலக்ரிக் வேலை தெரிஞ்சவர், லைசன்ஸ் இல்லை, 500 டொலருக்கு வயர் இழுத்துத் தாறன் எண்டுறார். லைசன்ஸ் உள்ளவர் 1,600 கேக்கிறார். பேமிற் கட்டாயமோ?

பதில்: கட்டாயம். 240 வோல்ற், 50 அம்பியர், அதுக்குப் பக்கத்தில தண்ணிக்குள்ள உங்கட பிள்ளையள். 1,100 டொலர் மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. லைசன்ஸ் உள்ள கொன்ராக்டர், மின்சாரப் பாதுகாப்பைப் பாக்கிற எலக்ரிக்கல் சேஃப்டி ஒதோறிற்றிக்கு அறிவிச்சு அவையின்ர இன்ஸ்பெக்ஷன், இந்த ரெண்டும் இல்லாம சுவிச்சைப் போடாதேங்கோ.

கேள்வி (மிசிசாகா): ஒன்லைனில காத்தடிக்கிற ரப் ஒண்டு 600 டொலருக்கு எடுத்தன். கார்த்திகையில பூட்டி ரெண்டு நாளாகியும் சுடேல்லை. பழுது எண்டு சொன்னா திருப்பி எடுக்க மாட்டன் எண்டுறாங்கள். இது அநியாயம் இல்லையோ?

பதில்: அநியாயம் இல்லை. கையேட்டை வாசிச்சீங்களோ? இப்பிடியான ரப்புகள் கனக்கத்தில 4 பாகைக்குக் கீழ பாவிக்க வேண்டாம் எண்டு முதல் பக்கங்களிலயே எழுதியிருக்கும். 800 லீற்றர் தண்ணியை 5 பாகையில இருந்து 40க்குக் கொண்டுவர 32 யூனிற் கரண்ட் மட்டில வேணும், சாதாரண பிளக்கில போடுற ஹீற்றர் மணிக்கு ஒண்டரை யூனிற்றுக்குள்ளதான் தரும், எண்டா சூடு வெளியில போகாட்டியே ஒரு நாள். கனடாக் குளிருக்குள்ள, மெல்லிய பிளாஸ்ரிக் சுவர், அது ஏத்திற சூடு அப்பிடியே வெளியில போகுது. சாமான் பழுதில்லை. தண்ணியை முழுக்க வடிச்சு, நல்லாக் காய வைச்சு, மடிச்சு பேஸ்மென்ரில வையுங்கோ, சித்திரை வைகாசியில நல்லா வேலை செய்யும். 600 டொலர் குடுக்கேக்க பத்து நிமிஷம் வாசிக்க நேரமில்லை எண்டா நான் என்ன சொல்லுறது.

கேள்வி (விற்பி): பக்கத்துத் தெருவில ஒருத்தர் வீடு விக்கிறார், பழைய ரப்பை சும்மா தாறன், தூக்கிக்கொண்டு போங்கோ எண்டுறார். எடுக்கவோ?

பதில்: தண்ணி நிரப்பி, சூடாக்கி, பம்ப் ஓடுறதைக் கண்ணால பாக்காம எடுக்காதேங்கோ. காஞ்சு கிடக்கிற ரப்பைப் பாத்து ஒண்டுமே சொல்லேலாது.

2016ல நான் இதே பிழை விட்டனான். பங்குனி மாசம், மூடி கழட்டின வெறும் ரப், உள்ளுக்குத் துடைச்சு மினுங்க வைச்சிருந்தாங்கள். 1,800 டொலர். தூக்கிக்கொண்டு வர 450, வயரிங்குக்கு 1,400. பின்னேரம் நிரப்பிப்போட்டு சந்தோசமாப் படுத்தனாங்கள், விடியப்பறம் இவர் வெளியில போய்ப் பாத்திட்டுக் கூப்பிடுறார், தண்ணி விளிம்பில இருந்து நாலு விரல் இறங்கிப் போச்சு, பக்கத்துப் புல்லெல்லாம் சதுப்பு மாதிரி. திருத்திறவர் வந்து பக்கப் பலகையைக் கழட்டி, பாண் வெட்டுற கத்தி மாதிரி ஒண்டால ஃபோமைத் துண்டு துண்டா அரிஞ்சு எடுத்தார், ஒவ்வொரு துண்டையும் பிழிஞ்சா தண்ணி. உள்ளுக்கு அஞ்சு இடத்தில பைப் வெடிச்சிருந்தது. பிறகுதான் தெரிஞ்சது, அந்த வீடு மாரி முழுக்கப் பூட்டிக் கிடந்து, கரண்டும் இல்லாம, பைப்புக்குள்ள நிண்ட தண்ணி உறைஞ்சு வெடிச்சது. வித்தவருக்குப் போன் எடுத்தா "என்னட்டை இருக்கேக்க வேலை செய்தது". கடைசியில அதை ஏத்திக்கொண்டு போகவும் நாங்கள்தான் காசு குடுத்தது. ஆகவே உங்களுக்குச் சும்மா கிடைக்கிறதும் சும்மா இல்லை.

கேள்வி (ஸ்காபரோ): வாங்கி மூண்டு மாசம், தண்ணி முழுக்க நுரை. கடைக்காரன் ஒவ்வொரு முறையும் நுரை போக்க எண்டு ஒரு போத்தல் விக்கிறான்.

பதில்: தலைக்கு எண்ணெய் வைச்சுக்கொண்டு இறங்குறீங்களோ? எங்கட வீடுகளில இதுதான் முதல் காரணம். எண்ணெய், கிறீம், உடுப்பில இருக்கிற சோப் எல்லாம் தண்ணியில கலந்து ஃபில்ரரை அடைக்கும். இறங்க முதல் தலையையும் உடம்பையும் கழுவுங்கோ, குளிக்கிற உடுப்பை வெறும் தண்ணியில அலம்புங்கோ, ஃபில்ரரைக் கழட்டிக் கழுவுங்கோ, மூண்டு மாசமாச்சுத்தானே, தண்ணியை முழுக்க மாத்துங்கோ. நுரைப் போத்தல் தேவையில்லை.

ஆனா குளோரின், புரோமின் போடுறதை மட்டும் விடாதேங்கோ. குளோரின் 3 பிபிஎம்முக்கு, எண்டா பத்து லட்சத்தில 3 பங்குக்குக் குறையக் கூடாது, புரோமின் எண்டா 4, பிஎச் 7.2க்கும் 7.8க்கும் இடையில. வாங்கேக்க லேபலில பிசிபி எண்டு ஒரு ரெஜிஸ்ற்றேஷன் நம்பர் இருக்கோ எண்டு பாருங்கோ, கனடாவில அது இல்லாம கிருமிநாசினி எண்டு விக்கேலாது. 1999ல நெதர்லாந்தில ஒரு பூக்கண்காட்சியில விக்க வைச்சிருந்த ரப்பில இருந்து நுரையீரலைத் தாக்கிற லெஜியோனெல்லா கிருமி காத்தில பரவி 30 பேர் மட்டில செத்தவை. அவை ரப்புக்குள்ள இறங்கினவை இல்லை, கண்காட்சி பாக்க வந்து பக்கத்தால நடந்து போன ஆக்கள்.

கேள்வி (ஏஜக்ஸ்): மூடி பாரமாப் போச்சு, ரெண்டு பேர் தூக்க வேண்டியிருக்கு.

பதில்: உள்ளுக்கிருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிட்டுது. மாத்துங்கோ. கரண்ட் பில்லும் ஏறியிருக்குமே.

கேள்வி (மார்க்கம்): மூண்டு மாசக் கர்ப்பம். இறங்கலாமோ?

பதில்: டொக்டரைக் கேக்காம வேண்டாம் பிள்ளை.

கேள்வி (ஓஷவா): நானும் மனிசியும் பென்ஷனில இருக்கிறம். முழங்கால் வருத்தத்துக்கு எண்டு 9,200 டொலர் முழுக் காசையும் ஈ-ட்றான்ஸ்ஃபரில அனுப்பினனாங்கள், ஆறு கிழமையில வரும் எண்டு கொன்றாக்டில எழுதியிருக்கு. நாலு மாசமாச்சு. போனை எடுக்கிறாங்கள் இல்லை. பிள்ளையளுக்குச் சொல்லேல்லை, பேசுவினம் எண்டு.

பதில்: அண்ணை, முதல் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ. ஏமாத்தினவன்தான் வெக்கப்பட வேணும், நீங்கள் இல்லை.

ஆறு கிழமைக்கு மேல 30 நாளும் தாண்டீற்றுது, ஆகவே சட்டப்படி கான்சல் பண்ணலாம். "டெலிவரி வராததால கொன்றாக்டை ரத்துச் செய்யிறம், 15 நாளுக்குள்ள காசைத் திருப்பித் தாங்கோ" எண்டு திகதி போட்டு எழுதி, றெஜிஸ்ரர் தபாலிலயும் ஈமெயிலிலயும் அனுப்புங்கோ, கொப்பியை வைச்சிருங்கோ. 15 நாளில தரேல்லை எண்டா கன்சியூமர் புரொடெக்ஷன் ஒன்ராறியோவுக்கு முறைப்பாடு, பிறகு ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோட் (சின்னத் தொகை வழக்குகளைப் பாக்கிற கோட்), அதுக்கு லோயர் வைக்க வேணும் எண்டில்லை. கிரெடிற் கார்ட்டில கட்டியிருந்தா அந்த 15 நாள் முடிஞ்சு 60 நாளுக்குள்ள கார்ட் கம்பனியிட்டையே எழுதித் திருப்பி எடுத்திருக்கலாம், ஈ-ட்றான்ஸ்ஃபர் அவன்ர கணக்கில விழுந்தாப் பிறகு பாங்கால இழுக்கேலாது, அதால கோட்டுக்குப் போறதைப் பிந்த விடாதேங்கோ. இந்தக் கம்பனிக்கு இன்னும் காசு அனுப்பினவை ஆரும் இருக்கக்கூடும், பொலிசிலயும் ஒருக்காப் பதிஞ்சு வையுங்கோ.

கொன்றாக்டையும் பாங்க் தாளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கோ. இங்கிலீஷில எழுதுறது கஷ்டமெண்டா அந்தக் கடிதத்தை நானே எழுதித் தாறன், நீங்கள் கையெழுத்து மட்டும் வையுங்கோ.