கூட்டத்தில் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை!

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். டெய்லர், கைமடி (டெய்லருக்கு உதவும் ஆள்), செக்கிங் என்று 140 பேர். பாதிக்கு மேல் பெண்கள்; 30 பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்டால் ஆல்டர் (குறையோடு திரும்பி வரும் பீஸ்) குறையும், ஆட்களும் நின்று வேலை செய்வார்கள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். நான்கு மாதமாகத் திங்கள்கிழமை காலையில் எல்லோரையும் நிற்க வைத்து, "மனசுல இருக்கறதைத் தயங்காமச் சொல்லுங்க" என்று கேட்கிறேன். ஒருவரும் பேசுவதில்லை. பெட்டி வைத்தோம். வந்த 11 சீட்டில் 9 சீட்டு பாத்ரூம், டீ பற்றிய புகார். "இதுக்குத்தான் கால் மணி நேரம் மெஷினை நிறுத்தறீங்களா?" என்கிறார் முதலாளி. விட்டுவிடலாமா?
— பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: திங்கள்கிழமைக் கூட்டத்தை விட்டுவிடுங்கள். 140 பேர் 15 நிமிடம் நின்றால் 35 மணி நேர உழைப்பு போகிறது. அந்த மட்டில் முதலாளியின் கணக்கு சரி. கேட்பதை மட்டும் விட வேண்டாம். கேட்கும் இடமும் கேள்வியும்தான் தப்பாக இருக்கின்றன.

அந்த 9 சீட்டிலிருந்து தொடங்குவோம். அவை உங்களுக்கு வந்திருக்கும் முதல் கருத்துகள். தொழிலாளி உங்களை ஆழம் பார்க்கிறார். பாத்ரூம் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னால் யாருக்கும் கோபம் வராது, சொன்னவருக்கும் ஆபத்தில்லை. அதைச் சரிசெய்கிறாரா, சிரித்துவிட்டுப் போகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொல்வார். தாழ்ப்பாளையே மாற்றாதவரிடம் "கட்டிங்கில் அளவு தப்பா வருது" என்று யார் சொல்வார்கள்?

தவிர, பாத்ரூம் புகார் உற்பத்திப் புகாரும்கூட. மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்த லைனில், பாத்ரூமில் தண்ணீர் வராவிட்டாலோ வரிசையில் நிற்க வேண்டியிருந்தாலோ, பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு தலைவலி, நீர்க்கடுப்பு, அரை நாள் லீவு. லீவுப் பதிவேட்டையும் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆகவே இந்த வாரமே 9 சீட்டையும் பிரித்து, செலவில்லாமல் செய்யக்கூடியவற்றை முதல் மூன்று நாளில் முடியுங்கள். தாழ்ப்பாள், பல்பு, வாளி, டீ வரும் நேரம் எல்லாம் அதில் அடங்கும். புதிதாக பாத்ரூம் கட்ட வேண்டுமென்றால் அதற்கு முதலாளியின் பதிலை வாங்கி, "முடியும்" அல்லது "இந்த வருஷம் முடியாது, காரணம் இது" என்று எழுதி ஒட்டுங்கள். இதைச் செய்யாமல் வேறெந்தக் கேள்வியும் கேட்க வேண்டாம்.

அடுத்து, பலரும் பார்க்கத் தவறும் இடம்: சம்பளக் கணக்கு. ஒரு ஆபரேஷனுக்கு, அதாவது ஒரு டெய்லர் செய்யும் ஒரு தையல் வேலைக்கு, 0.50 நிமிடம் என்று வைத்திருக்கிறீர்கள் என்போம். நூறு சதவீதத்தில் மணிக்கு 120 பீஸ். 60 சதவீதத் திறனில் 72, அதுதான் டார்கெட். ஒரு டெய்லர், "இங்க ஒரு ஃபோல்டர் மாட்டினா சுளுவா ஓடும் சார்" என்று (ஃபோல்டர் என்பது துணியை மடித்துக் கொடுக்கும் மெஷின் துணைக்கருவி) சொல்ல, நேரம் 0.40 ஆகிறது. ஐ.இ. ஆள் (நேரமும் டார்கெட்டும் கணக்கிடும் இன்டஸ்ட்ரியல் இன்ஜினீயர்) உடனே அதே 60 சதவீதக் கணக்கில் டார்கெட்டை 90 ஆக்கிவிடுகிறார். யோசனை சொன்னவருக்குக் கிடைத்தது 18 பீஸ் கூடுதல் வேலை. பீஸ் ரேட்டாக இருந்தால் ரேட்டையே குறைத்துவிடுவார்கள். பக்கத்து மெஷின்காரரின் முறைப்பு வேறு இலவசம். இப்படி ஒரு தடவை நடந்துவிட்டால், அடுத்த பத்து வருடத்துக்கு அந்த லைனில் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அதில் அவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனவே முதலாளியிடம் முதலில் ஒரு வாக்குறுதி வாங்குங்கள்: தொழிலாளி சொன்ன யோசனையால் நேரம் குறைந்தால், அந்த ஸ்டைல் (ஆடை மாடல்) முடியும் வரை டார்கெட்டும் ரேட்டும் மாறாது. அடுத்த ஸ்டைலில் புது நேரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். இதை எழுதி லைனில் ஒட்ட வேண்டும். வாக்குறுதி கிடைக்காவிட்டால் வேகத்தைப் பற்றிக் கேட்காமல் ஆல்டர், துணி, நூல், ஊசி, பண்டல் தேங்குவது ஆகியவற்றோடு நில்லுங்கள். அவற்றிலும் ஏராளம் இருக்கிறது.

இனி கேள்விக்கு வருவோம். "மனசுல இருக்கறதைச் சொல்லுங்க" என்றால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. கையில் பீஸை வைத்துக்கொண்டு கேளுங்கள். "இந்த ஸ்டைல்ல கழுத்து ரிப் ஏத்தும்போது எங்க இழுக்குது?" "பேட்லாக் பாட்டத்துல (கீழ் மடிப்புத் தையல்ல) ஊசி ஓட்டை விழுதே, ஊசி மாத்தி எத்தனை நாளாச்சு? முனை உருண்ட பால் பாயின்ட் ஊசிதான் போட்டிருக்கா?" "செக்கிங்ல திரும்பி வர்றதுல எது அதிகம்?" இவை பதில் வரும் கேள்விகள். கட்டிங் மாஸ்டரிடம், "லைக்ரா துணியை ரோல்ல இருந்து பிரிச்சு எத்தனை மணி நேரம் ஆறப் போட முடியுது?" என்று கேளுங்கள். ஒரு நாளாவது ஆற வேண்டிய துணி ராத்திரி வந்து காலையிலேயே லே விழுந்தால் (வெட்டுவதற்காக மேசையில் அடுக்கப்பட்டால்), இழுபட்ட துணி வெட்டிய பிறகு சுருங்கும். பீஸ் அளவு குறையும். இது கட்டிங் மாஸ்டருக்குத் தெரியும். ஷிப்மென்ட் தேதியைச் சொல்லி அவரை அவசரப்படுத்தியது யார் என்பதும் தெரியும். சொல்லாமல் இருப்பது அதனால்தான்.

எப்போது கேட்பது என்பதில் ஒரே விதி: முடிவு இன்னும் கையில் இருக்கும்போது. பல்க் (மொத்த ஆர்டர்) வெட்டும் முன்பு, பைலட்டாக (முன்னோட்டமாக) 20, 30 பீஸ் ஓட்டும்போது அந்த ஆபரேஷன் செய்யப்போகும் டெய்லர்களைக் கூப்பிட்டுக் கேட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐயாயிரம் பீஸ் வெட்டிய பிறகு கேட்டால் புலம்பல்தான் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு வேலை உண்டு என்று முதலாளி முடிவு செய்துவிட்டால், "ஞாயித்துக்கிழமை வைக்கலாமா, என்ன சொல்றீங்க?" என்று நாடகம் போடாதீர்கள். "வேலை இருக்குது. பஸ் எத்தனை மணிக்கு வரணும், சம்பளத்தை எப்பக் கொடுக்கணும், இந்த ரெண்டை நீங்க சொல்லுங்க" என்பதே நேர்மை.

இடம் முக்கியம். 140 பேர் நிற்கும் கூட்டத்தில் எவரும் முதல் ஆளாகப் பேச மாட்டார். அமெரிக்க உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையில், கோடுகளின் நீளத்தைச் சொல்லச் சொன்னபோது, மற்றவர்கள் எல்லோரும் வேண்டுமென்றே தப்பாகச் சொன்னதால், கண்ணெதிரே தெரிவதையே மாற்றி ஒரு தடவையாவது சொன்னவர்கள் முக்கால்வாசிப் பேர். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னதும் அந்தப் பணிவு வெகுவாகக் குறைந்தது. எனவே ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒரே ஆபரேஷன்காரர்கள் சேர்ந்திருந்தால் நல்லது. லைன் ஓரத்தில், அவர்கள் உட்கார்ந்திருக்க நீங்களும் உட்கார்ந்து, 10 நிமிடம் போதும். கைமடியை முதலில் பேசவிடுங்கள், மூத்த டெய்லர் கடைசி. நீங்கள் அவருக்கும் பிறகு. "நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்தால் மிச்சப் பேர் "ஆமாங்க சார்" என்பதோடு முடித்துக்கொள்வார்கள். கேட்டுவிட்டுப் பத்து விநாடி சும்மா இருக்கப் பழகுங்கள். மேனேஜர்களுக்கு இதுதான் கஷ்டம். அந்த நேரமும் வேலை நேரம். டார்கெட்டில் கழித்துவிடுங்கள், டீ நேரத்தில் கூப்பிட்டால் அது தண்டனை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாமே என்பீர்கள். குட் மார்னிங் படங்கள் நிறைய வரும்.

ஒடிசாக்காரர்களிடம், அவர்களைக் கூட்டிவந்த ஏஜென்ட்டை மொழிபெயர்ப்பாளராக வைத்துக் கேட்காதீர்கள். அவர்களின் முதல் குறையே பெரும்பாலும் அவரைப் பற்றியோ, ஹாஸ்டலைப் பற்றியோதான் இருக்கும். தமிழ் தெரிந்த ஒருவரை அவர்களே தேர்ந்தெடுக்கட்டும். பெண்களிடம் ஒரு பெண் தனியாகக் கேட்டால் வேறு விஷயங்கள் வரும்.

இனி சூப்பர்வைசர்கள். உங்கள் திட்டம் கவிழ்வதென்றால் இங்கேதான் கவிழும். தொழிலாளி சொல்லும் ஒவ்வொன்றும் சூப்பர்வைசர் காதில் "என்மேல் கம்ப்ளெய்ன்ட்" என்றே விழும். அவரை வெளியே அனுப்பிவிட்டு லைனில் கேட்டால் அன்று மாலையே, "சார்கிட்ட என்ன சொன்னே?" என்று விசாரணை நடக்கும். ஆகவே அவர்களிடம் முதலில் கேளுங்கள், இரண்டு வாரம் முன்னதாக. அவர்களுக்கும் குறை உண்டு: ட்ரிம்ஸ் (லேபிள், பட்டன் போன்றவை) நேரத்துக்கு வருவதில்லை, மெக்கானிக் கூப்பிட்டால் வருவதில்லை. அதில் இரண்டைத் தீர்த்துவிட்டு, "இனி லைன்ல வர்றதை உங்க பேர்ல எழுத மாட்டேன்" என்று சொல்லுங்கள். "யார் சொன்னது?" என்ற கேள்வி இனி உங்கள் வாயிலிருந்தும் வரக் கூடாது, அவர்கள் வாயிலிருந்தும் வரக் கூடாது.

பழிவாங்கல் கத்தி எடுத்துக்கொண்டு வராது. பேசியவரை ஆல்டர் பிரிக்க உட்கார வைப்பார்கள், பழக்கமில்லாத மெஷினுக்கு மாற்றுவார்கள், ஊர்த் திருவிழாவுக்குக் கேட்ட லீவு கிடைக்காது. பேசிய ஒவ்வொருவரும் எந்த மெஷினில் இருக்கிறார், லீவு கேட்டாரா என்று மூன்று வாரம் நீங்களே சத்தமில்லாமல் பார்த்துவர வேண்டும்.

பதில் சொல்ல ஒரு வெள்ளைப் பலகை போதும். வந்த விஷயம், யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று மூன்று கட்டம். ஏழு நாளுக்குள் "செய்தாச்சு", "நடக்குது", "முடியாது, காரணம்" ஆகிய மூன்றில் ஒன்று எழுதியிருக்க வேண்டும். சொன்னவர் பெயரை அவர் கேட்டால் மட்டும் போடுங்கள். ஒரே நேரத்தில் ஐந்து விஷயத்துக்கு மேல் பலகையில் ஏற்றாதீர்கள். தீர்க்காத பதினைந்து தொங்கினால் அதுவே உங்களுக்கு எதிரான சாட்சி. காரணத்தோடு சொன்ன "முடியாது" யாரையும் அவ்வளவாக நோகடிப்பதில்லை.

பரிசுத் தொகையைப் பெரிதாக அறிவிக்க வேண்டாம், "நான்தான் முதல்ல சொன்னேன்" என்ற சண்டைக்கு அது அச்சாரம். சின்னத் தொகையை அந்தச் சனிக்கிழமைச் சம்பளத்தோடே கொடுத்து, அந்த முறையை அவரே லைனுக்குச் செய்து காட்டட்டும்.

பெட்டி ஆபீஸ் வாசலில், கேமராவுக்கு நேராகத்தானே இருக்கிறது? அதைக் கேமரா இல்லாத, எல்லோரும் போய்வரும் சாப்பிடும் இடத்துக்கு மாற்றி, இரண்டு பூட்டுப் போட்டு ஒரு சாவியைத் தொழிலாளர் ஒருவரிடம் கொடுங்கள். பாலியல் தொல்லை பற்றிய சீட்டு வந்தால் அதைப் பலகையில் எழுதுவதோ நீங்களே விசாரிப்பதோ கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பெண் தலைமையில் உள்புகார்க் குழு இருந்தாக வேண்டும்; பாதிக்கப்பட்டவர் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர மூன்று மாதக் கெடுவும் உண்டு. குழு உறுப்பினர்களின் பெயரும் போன் நம்பரும் சுவரில் இருக்கட்டும். தனிப்பட்ட குறைகளுக்கு, 20 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுத் தொகுப்பு. இரு தரப்பிலும் சம எண்ணிக்கை. மொத்தம் 10 பேருக்கு மிகாமல். பெட்டியும் பலகையும் இவற்றுக்கு மாற்றாகாது. உங்கள் கம்பெனியில் குழு காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

கடைசியாக, முதலாளியை முன்கூட்டியே தயார்ப்படுத்துங்கள். முதல் இரண்டு மாதத்தில் புகார்கள் கூடும். ஹார்வர்டு பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. மற்ற இடங்களில் தவறை வெளியே சொல்லவே பயந்தார்கள். எனவே முதலாளிக்குப் புகார் எண்ணிக்கையைக் காட்டாதீர்கள். ஆல்டர் சதவீதம், திங்கள்கிழமை ஆப்சென்ட், மாதத்தில் வேலையை விட்டு நின்றவர்கள், இந்த மூன்றின் இன்றைய எண்ணிக்கையை எழுதி அவர் மேசையில் வையுங்கள். ஒரே ஒரு லைனில் மட்டும் ஆரம்பித்து, மூன்று மாதம் கழித்து அந்த லைனையும் பக்கத்து லைனையும் ஒப்பிட்டுக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். 35 மணி நேரத்துக்குப் பதிலாக, ஐந்து குழுவுக்கு ஆறு பேர் வீதம் 10 நிமிடம், ஆக வாரத்துக்கு 5 மணி நேரம்தான் செலவு என்பதையும் சேர்த்துச் சொன்னால் அவர் மறுக்க மாட்டார்.