ஒலி கேட்டு அசையும் ஓவியம்: கேள்வி பதில்

ஒலிவாங்கி வழியே வரும் ஓசைக்கு ஏற்பத் திரையிலோ விளக்குகளிலோ உடனுக்குடன் மாறும் கலைப்படைப்புகளைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மாடி அறையில் அமர்ந்து சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கேள்விகளில் ஒத்தவற்றை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு விடையளிக்கிறேன்.

அரியாங்குப்பம், ஓவிய மாணவி: எனக்கு நிரல் எழுதிப் பழக்கமில்லை. எதில் தொடங்க வேண்டும் ஐயா?

உலாவியிலேயே இயங்கும் பி5.ஜேஎஸ் போதும். 2001இல் கேசி ரீஸ், பென் ஃப்ரை ஆகிய இருவரும் கலைஞர்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய பிராசஸிங் என்னும் நிரலாக்கச் சூழலின் வழியில் லாரன் மெக்கார்த்தி உருவாக்கியது அது. நான்கு வரி எழுதினால் திரையில் ஒரு வட்டம் வந்துவிடும்; இன்னும் நான்கு வரி எழுதினால் அந்த வட்டம் உங்கள் குரலுக்கு அசையும். எழுத்தே வேண்டாம், பெட்டிகளைக் கம்பிகளால் இணைப்பதுபோல் வேலை செய்ய வேண்டும் என்பவர்களுக்கு மில்லர் பக்கெட் உருவாக்கிய பியூர் டேட்டா இலவசமாகவே கிடைக்கிறது. பெரிய சுவரில் காட்சிப்படுத்துபவர்கள் டச்டிசைனர் என்னும் மென்பொருளை நாடுவார்கள். அதன் இலவசப் பதிப்பில் படத்தின் அளவு 1280க்கு 1280 படப்புள்ளிகளுடன் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

உலாவியில் இரண்டு இடங்களில் அநேகமாக எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். பார்ப்பவர் ஒரு முறையாவது திரையைத் தொடாமல் உலாவி ஒலியைத் தொடங்க விடாது. எனவே ‘தொடங்கு’ என்று ஒரு பொத்தானை வைத்துவிடுங்கள். அடுத்தது இதைவிட நுட்பமானது. காணொலி அழைப்புக்கு உதவும்பொருட்டு எதிரொலி நீக்கம், இரைச்சல் நீக்கம், ஒலியளவைத் தானாகச் சீராக்குதல் ஆகிய மூன்றையும் உலாவி வழக்கமாக இயக்கியே வைத்திருக்கும். மனிதப் பேச்சு அல்லாத, சீராக நீடிக்கும் எந்த ஓசையும் அதன் கணக்கில் இரைச்சல்தான். தம்பூராவை வைத்துச் சோதித்தால் சில நொடிகளில் சுருதியே கரைந்துபோவதைக் காணலாம். மூன்றையும் நிரலிலேயே அணைத்துவிடுங்கள்.

கடலூர் தேவனாம்பட்டினம்: கடற்கரையில் மைக் வைத்து அலையோசைக்குப் படம் வரைய முயன்றேன். திரை முழுவதும் ஓயாமல் நடுங்குகிறதே தவிர அலை வருவதும் போவதும் தெரியவே இல்லை. ஏன்?

நீங்கள் பதிவுசெய்தது பெரும்பாலும் அலையை அன்று, காற்றை. மைக்கின் வாயில் காற்று நேரடியாக மோதும்போது தாழ்ந்த அதிர்வெண்களில் எழும் ‘டபடப’ ஓசை அலையோசையை முழுவதுமாக விழுங்கிவிடும். முதலில் மைக்குக்குப் பஞ்சுறையும் அதன்மேல் ரோமத் துணியுறையும் போட்டு, படகின் மறைவிலோ சுவரின் மறைவிலோ வையுங்கள். பிறகு 150 ஹெர்ட்சுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டியால் வெட்டிவிடுங்கள்.

அடுத்து, அலையின் ஓசை ஏறத்தாழ எல்லா அதிர்வெண்களும் கலந்த ஒரு பேரிரைச்சல் என்பதால், அதை அதிர்வெண் வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் பட்டைகளாகக் காட்டினால் எல்லாப் பட்டைகளும் ஒன்றாகவே எழுந்து ஒன்றாகவே விழும். அலையின் வடிவம் அதன் சுருதியில் இல்லை. அது எழுந்து, உடைந்து, மணலை நனைத்துத் திரும்பும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. ஆகவே ஒலியின் மொத்த வலிமையை மட்டும் எடுத்துக்கொண்டு, அது ஏறும்போது விரைவாகவும் இறங்கும்போது இரண்டு மூன்று நொடிகள் எடுத்து மெதுவாகவும் பின்தொடரும் ஒரே ஓர் எண்ணை உருவாக்குங்கள். படம் அந்த எண்ணை மட்டும் கேட்டு நடக்கட்டும். நடுக்கம் நின்றுவிடும்.

ஒரு கொசுறுச் செய்தி: உங்கள் மணற்கரையில் அலை ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளமாக வடியும், புதுச்சேரிக் கடற்கரைச் சாலையிலோ கருங்கற்களில் அறைந்து ‘தப்’ என்று முடிந்துவிடும். அங்கே அமைத்த நிரலை இங்கே கொண்டுவந்து ஓட்டினால் வேறு கடலைப் பார்ப்பதுபோல இருக்கும். மாலையில் எங்கள் சாலையில் வண்டிகளுக்குத் தடை என்பதால் ஹாரன் தொல்லை இல்லாத நேரம் கிடைக்கிறது என்பது எங்களுக்குள்ள ஒரே சலுகை.

நெல்லிக்குப்பம், இசை ஆசிரியை: நான் பாடும் சுரத்திற்கு ஏற்ப நிறம் மாற வேண்டும். ஓசையை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் ஃபூரியே முறையைப் பயன்படுத்தினேன். கீழ் ஸ்தாயியில் ஸ, ரி, க மூன்றையும் ஒன்றாகவே காட்டுகிறது.

ஃபூரியே பிரெஞ்சுக்காரர் என்பதால் புதுச்சேரிக்காரனாகிய நான் அவருக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது, குறை அவருடையதன்று. வெப்பம் பரவுவதை ஆராய்ந்து அவர் 1822இல் வெளியிட்ட கணிதத்தை, கூலி, டூக்கி ஆகிய இருவர் 1965இல் கணினிக்கு ஏற்ற விரைவான வழியாக்கினார்கள். இன்று எல்லா மென்பொருள்களிலும் உள்ளது அந்த வழிதான். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்து, ஒரு முறைக்கு 1024 மாதிரிகளை அலசினால், கிடைக்கும் அதிர்வெண் கட்டங்கள் ஒவ்வொன்றும் சுமார் 43 ஹெர்ட்ஸ் அகலமுடையவை. ஒரு கட்டை சுருதியில் கீழ் ஸட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அதற்கடுத்த சுத்த ரிஷபம் 139. எட்டு ஹெர்ட்ஸ் இடைவெளியை 43 ஹெர்ட்ஸ் கட்டத்தால் எப்படிப் பிரிக்க முடியும்? படியைக் கொண்டு குங்குமப்பூவை அளப்பதுபோன்ற வேலை அது. 4096 மாதிரிகள் எடுத்தால் கட்டம் 11 ஹெர்ட்சாகச் சுருங்கும். ஆனால் அதற்கு 93 மில்லிநொடி ஓசை தேவைப்படுவதால் உங்கள் பிருகாக்கள் அனைத்தும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

எனவே சுரத்தைக் கண்டறிய வேறு வழியை நாடுங்கள். ஓர் அலைவடிவம் எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை தன்னையே திரும்பச் சொல்கிறது என்று பார்க்கும் முறைகள் இருக்கின்றன. 2002இல் வெளியான யின் என்னும் முறை அவற்றுள் பெயர்பெற்றது, இலவச நிரல்களாகவும் கிடைக்கிறது. தனிக்குரலுக்கு அது நன்றாக உழைக்கும். பக்கத்தில் வயலின் சேர்ந்தால் தடுமாறும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிடைத்த அதிர்வெண்ணை உடனே பன்னிரண்டு சுரத்தானங்களில் ஒன்றில் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் என்று வைத்துவிடாதீர்கள். ஆர்மோனியத்துக்கு அது பொருந்தலாம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, அதை நிற்கவைத்தால் தோடியும் இல்லை. நிறங்களுக்கு இடையே தடையின்றி வழுக்கிச் செல்லும் நிறமாலையாக வைத்தால் கமகம் கண்ணுக்குத் தெரியும்.

வில்லியனூர்: தவிலின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பொறி பறக்க வேண்டும். அதன் வலது முகமான வலந்தலையையும் இடது முகமான தொப்பியையும் வேறுபடுத்த முடியுமா?

முடியும். இரண்டும் ஓசையில் வெகுதூரம் விலகியிருப்பதால் இது சுரத்தைக் கண்டறிவதைவிட எளிது. கூடு மாட்டிய விரல்கள் விழும் வலந்தலை உச்ச அதிர்வெண்களில் வெடிக்கும். கழி விழும் தொப்பி கீழே முழங்கும். ஒவ்வொன்றிலும் பத்து அடிகளைத் தனித்தனியே பதிவுசெய்து, வலிமை எங்கே குவிகிறது என்று பார்த்து உங்கள் எல்லைகளை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். தவிலுக்குத் தவில் அது மாறும். அடி விழுந்த கணத்தைக் கண்டறிய, ஒரு கட்டத்தின் வலிமை முந்தைய அலசலைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கிட்டு, கூடியவற்றை மட்டும் கூட்டுங்கள், குறைந்தவற்றை விட்டுவிடுங்கள்.

ஓர் அடியை இரண்டாக எண்ணாமலிருக்க, அடிக்குப் பின் சிறிது நேரம் நிரலின் காதைப் பொத்த வேண்டும். எவ்வளவு நேரம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நிமிடத்துக்கு 80 அட்சரம் (தாள எண்ணிக்கை), அட்சரத்துக்கு எட்டுச் சொல் (அடி) என்றால் அடிகளுக்கு இடையே 94 மில்லிநொடிதான் இருக்கும். இணையத்தில் கிடைத்த நிரலில் உள்ளபடி 100 அல்லது 200 என்று வைத்தால் பாதி அடிகள் காணாமல் போகும். நான் 50இலிருந்து 60 வரை வைக்கிறேன்.

லாஸ்பேட்டை: ஓசைக்குப் பின்னால் படம் தாமதித்து வருகிறது. எவ்வளவு தாமதம் வரை பொறுக்கலாம்?

ஒளிபரப்புக்கென்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் தரும் பரிந்துரையின்படி, ஓசை படத்துக்கு முன்னால் 45 மில்லிநொடி வந்தாலே பார்ப்பவர் கண்டுபிடிக்கத் தொடங்குவார். பின்னால் வந்தாலோ 125 வரை கவனிக்க மாட்டார். தொலைவில் வெடிக்கும் வாணத்தைப் பார்த்துப் பழகிய நமக்கு ஒளி முந்துவது இயல்பு, ஓசை முந்துவது விசித்திரம். நம் படைப்புகளில் எப்போதும் ஓசையே முந்துகிறது என்பதால் நமக்குக் கிடைப்பது கடுமையான அந்த 45தான்.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள்: 1024 மாதிரிகளைச் சேர்க்க 23 மில்லிநொடி, திரையில் ஒரு படச்சட்டத்துக்கு 17, வழக்கமான புரொஜெக்டருக்கு 30 அல்லது 40. மொத்தம் 70ஐ எட்டிவிட்டது. புரொஜெக்டரில் விளையாட்டு முறை இருந்தால் அதை இயக்குங்கள். பட மெருகூட்டல்களை அணையுங்கள். அதற்கும் மேல் ஒரு தந்திரம் உண்டு. மைக்கைத் தவிலுக்கு ஓர் அடி தூரத்தில் வைத்து, பார்வையாளரைப் பத்து மீட்டர் தள்ளி உட்காரவையுங்கள். ஓசை காற்றில் அவரை அடைய 29 மில்லிநொடி ஆகும்; கம்பியில் வரும் ஓசைக்கு அந்தப் பயணம் இல்லை. அந்த 29ஐக் காற்று நமக்குக் கடனாகத் தருகிறது. ஒலிபெருக்கியைப் பார்வையாளருக்குப் பக்கத்தில் வைத்தீர்களானால் கடன் ரத்தாகிவிடும்.

கடலூர் முதுநகர்: 300 எல்.இ.டி. கொண்ட பட்டையை மைக்குடன் இணைத்தேன். தொடக்கத்தில் வெள்ளை, கடைசியில் மஞ்சள் கலந்த சிவப்பு. விளக்குகள் பழுதா?

பழுதில்லை, பசி. டபிள்யூ.எஸ்.2812 வகையில் ஒரு விளக்கு முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 300க்கு 18 ஆம்பியர். பட்டையின் மெல்லிய செம்பில் அவ்வளவு மின்சாரம் ஓடும்போது 5 வோல்ட் கடைசிவரை போய்ச் சேராது. நீல விளக்கே முதலில் மங்கும். இரு முனைகளிலும் நடுவிலும் மின்சாரம் கொடுங்கள், அல்லது ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். இருட்டில் பாதியே கண்ணைக் கூசும். துறைமுகத்தருகே இருக்கிறீர்கள், எனவே இணைப்புகளைச் சிலிக்கானால் மூடுங்கள். உப்புக் காற்று ஒரே மழைக்காலத்தில் பற்றவைப்புகளைப் பச்சையாக்கிவிடும்.

ரெட்டியார்பாளையம்: வீட்டில் அருமையாக வேலை செய்கிறது, அரங்கில் சொதப்புகிறது. ஏன் அண்ணா?

இதில் எனக்குப் பட்டறிவு உண்டு. ஒரு ஜனவரியில் வெற்று அரங்கில் ஒத்திகை பார்த்து எல்லா அளவுகளையும் எண்களாக நிரலில் எழுதி வைத்தேன். திறப்பு விழா மே மாதத்தில். அமைப்பாளர்கள் பன்னிரண்டு மின்விசிறிகளையும் சுழலவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. யாரும் பேசாதபோதும் என் படம் மாலை முழுவதும் காய்ச்சல் கண்டதுபோல் நடுங்கிக்கொண்டே இருந்தது. அன்றிலிருந்து எந்த அளவையும் நிலையான எண்ணாக எழுதுவதில்லை. கடந்த அரை நிமிடத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் பதிவான மிகக் குறைந்த வலிமையை அறையின் தரைமட்டமாக நிரலே கணித்து, அதற்கு மேலுள்ளதை மட்டும் ஓசை என்று கொள்ளட்டும்.

கடலூர், பள்ளி ஆசிரியர்: குழந்தைகளின் குரல் பதிவாகுமா?

நீங்கள் பதிவுசெய்தால் ஒழிய ஆகாது. அலசி முடித்த மாதிரிகளை நிரல் உடனே கைவிடுகிறது. ‘இங்கே குரல் கேட்கப்படுகிறது, சேமிக்கப்படுவதில்லை’ என்று தமிழில் ஒரு பலகை வைத்துவிடுங்கள். வைத்த பிறகு அதை மீறாதீர்கள்.

முதலியார்பேட்டை: பாட்டு இயக்கிகளில் குதிக்கும் பட்டைகளுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? நான் செய்ததெல்லாம் அதுபோலவே இருக்கிறது.

நேர்மையான கேள்வி. சத்தம் கூடினால் வட்டம் பெரிதாகும் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் இணைப்பு. பார்ப்பவர் அதை ஐந்து நொடிகளில் புரிந்துகொண்டு, கைதட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார். 1787இல் கிளாட்னி என்பவர் உலோகத் தகட்டில் மணலைத் தூவி, விளிம்பில் வயலின் வில்லை இழுத்துக் காட்டிய கோலங்கள் இன்றும் சலிக்காததற்குக் காரணம், வில் இழுப்பவரின் விருப்பத்துக்கு மணல் நேரடியாகக் கீழ்ப்படிவதில்லை. தகட்டுக்கென்று ஓர் இயல்பு இருக்கிறது, ஓசை அதோடு பேசித்தான் வடிவத்தைப் பெறுகிறது. உங்கள் படத்துக்கும் அப்படிச் சொந்தமாக ஓர் இயல்பு வேண்டும்.

அந்த இயல்பைத் தேட, யாரும் பேசாதபோது படம் என்ன செய்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள். பட்டைகள் அமைதியில் செத்துவிடுகின்றன. நான் இப்போது செய்துகொண்டிருப்பதில் அமைதியின்போது புள்ளிகள் மட்டும் நிற்கும், வாசலில் மாவு வைத்துவிட்டு இழை இழுக்கத் தொடங்காத கோலம்போல. குரல் நீடித்தால்தான் இழை நீளும். உரக்கக் கத்தினால் தடிக்குமே தவிர நீளாது. மூச்சு விட்டால் நின்ற புள்ளியிலேயே காத்திருக்கும், அடுத்து வருபவர் அங்கிருந்து தொடரலாம். ஒரு பாட்டியும் அவருடைய பேத்தியும் மாறிமாறி ‘ஆ’ சொல்லி ஒரே சிக்குக்கோலத்தை முடித்ததைப் பார்த்தபோதுதான் இணைப்பு சரியென்று எனக்குத் தோன்றியது.

உங்கள் படத்தை ஓடவிட்டு, மைக்கை அணைத்து, இரண்டு நிமிடம் அதன் எதிரில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார முடிந்ததா என்று எழுதுங்கள். எந்த ஓசையை எதனோடு இணைப்பது என்பதைப் பிறகு பேசலாம்.