மூன்று குச்சி, ஒரு கல்

கேள்வி: மலைக்காட்டில் வழி தவறிவிட்டால் சாப்பாட்டுக்குப் பொறி செய்வது எப்படி?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: சங்கப் பாட்டில் ‘அடார்’ என்று வருகிறதே, அந்தக் கல்பொறிதான் எளியது. கோத்தகிரியில் எங்கள் கிழங்குக் கொட்டகையில் எலிக்காகத் தாத்தா இதை வைப்பார். கவாத்து வெட்டிய தேயிலைக் குச்சி மூன்று, ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். ஒரு குச்சி நட்டமாக நிற்கும். அதன் உச்சியில் சாய்வுக் குச்சியின் வெட்டு உட்காரும். சாய்வின் மேல்நுனியில் கல் சாயும். கீழ்நுனி, படுக்கைக் குச்சியின் வெளிமுனை வெட்டில் மாட்டும். படுக்கைக் குச்சியின் நடுவெட்டு நட்டக் குச்சியின் விளிம்பைக் கவ்வும். உள்முனையில் தேங்காய்க் கீற்று. எலி இழுத்ததும் கவ்வல் விடும், கல் விழும். வெட்டு கூராக இல்லாவிட்டால் நிற்கவே நிற்காது. நான் பழகவே ஒரு வாரம் ஆனது.

சரி, காட்டில்? தயவுசெய்து வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலைப் பிடிப்பதும் குற்றம். கம்பிச் சுருக்கோ சிறுத்தையையும் பிடித்துவிடும். அந்தச் சாவு கொடுமையானது. சாப்பாடு இல்லாமல் பல நாள் தாங்கலாம். ஜனவரி உறைபனியில் நனைந்த உடையோடு ஓர் இரவு தாங்குவதுதான் கடினம். முதலில் காய்ந்த சருகைக் கனமாகப் பரப்பி உட்காருங்கள். அப்புறம் விசிலை மும்மூன்று முறையாக ஊதுங்கள்.