அப்பாவின் கையில் ரிமோட்டைக் கொடுங்கள்

கேள்வி: நாங்கள் இருப்பது வண்டிப்பெரியாறு பக்கம். அப்பாவுக்கு 67 வயது. நாற்பது வருடம் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். லயத்தை (எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீட்டை) விட்டு வந்து மூன்று சென்ட்டில் சொந்தமாக ஒரு வீடு கட்டியிருக்கிறோம். போன மாதம் மழையில் சறுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகிவிட்டது. இன்னும் இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்கிறார் டாக்டர். டிவி முன் அறையில், அப்பா உள் அறையில். பகலெல்லாம் நியூஸ் சேனலைச் சத்தமாக வைக்கச் சொல்லிக் கேட்கிறார், கேட்டுக் கேட்டு கோபப்படுகிறார், ராத்திரி தூங்குவதில்லை. சாயங்காலம் ஆனால் அம்மாவுக்கு சீரியல். அண்ணன் மகள் (12 வயது) எங்களோடுதான் இருக்கிறாள், மலையாள மீடியம். அங்கன்வாடி வேலை முடிந்து நான் மூன்றரைக்கு வந்துவிடுவேன். அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி நல்ல படம், தொடர் சொல்லுங்களேன். இணையத்தில் வரும் பட்டியல்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது.
— ஒரு வாசகி, இடுக்கி மாவட்டம்

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் கட்டிலை நகர்த்துங்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு, அப்பாவின் கட்டிலை முன் அறைக்குக் கொண்டுவந்து, தலையைத் திருப்பாமல் டிவி தெரிகிற மாதிரி போடுங்கள். உள் அறையில் படுத்துக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்கிற மனுஷனுக்கு நியூஸ் சேனல்தான் கதி. படம் பார்க்க முகம் தெரிய வேண்டும். அம்மாவின் சீரியலில் கை வைக்க வேண்டாம். மருந்து, பாத்திரம், துணி என்று நாள் முழுக்க ஓடுகிறவருக்கு அந்த நேரம்தான் உட்காருகிற நேரம். நீங்கள் வந்து முகம் கழுவி, பால் விடாத கட்டஞ்சாயா போட்டு, நான்கு மணிக்கு ஆரம்பித்தால் ஆறு வரை உங்கள் நேரம். அதில் ஒரு படத்தின் பாதி. மறுநாள் மீதி. முதுகு வலியோடு படுத்திருப்பவரால் இரண்டரை மணி நேரத்தை ஒரே மூச்சில் பார்க்க முடியாது.

என் அப்பா கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்த பிறகு எட்டு மாதம் வீட்டிலேயே கிடந்தார். நானும் உங்களைப் போலத்தான், உலகமெல்லாம் கொண்டாடுகிற படங்களாகத் தேடித் தேடிப் போட்டேன். பத்து நிமிடத்தில் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு நாள் லெனின் பாரதி இயக்கிய ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018) போட்டேன். நம் தேனி அடிவாரத்திலிருந்து மலை ஏறி, ஏலக்காய் மூட்டையை முதுகில் சுமந்து இறக்குகிற ஒரு தொழிலாளியின் கதை. சொந்தமாக ஒரு துண்டு நிலம் வாங்க வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை. விடியாத இருட்டில் அவன் மலை ஏறத் தொடங்கினான். அப்பா இடது கையைத் தூக்கி, “நிறுத்து, நிறுத்து” என்றார். எனக்குப் பயமாகிவிட்டது, உடம்புக்கு ஏதோ என்று. அவர் திரையைக் காட்டி, குழறிய குரலில், “இதுக்கு மேல ஒரு சுமைதாங்கிக் கல்லு இருக்கும். அதுல சாஞ்சு நின்னுதான் பீடி பத்த வைப்பாங்க” என்றார். அப்புறம் கால் மணி நேரம் பேசினார். அட்டைக்கடி, புகையிலைத் தண்ணி, ஆளுக்கு எத்தனை கிலோ, யார் யாருக்கு மூட்டை உருண்டது என்று. நோயில் விழுந்த பிறகு அவர் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியது அன்றுதான். இரண்டு மணி நேரப் படத்தை நாங்கள் நான்கு நாள் பார்த்தோம்.

அதனால்தான் சொல்கிறேன்: அப்பாவைப் பேச வைக்கிற படமாகப் பாருங்கள். ரிமோட்டில் நிறுத்துகிற பொத்தான் எது என்று அவருக்குக் காட்டிக்கொடுத்து, ரிமோட்டை அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’தான் உங்களுக்கும் முதல் படம். இந்தப் பக்கத்து யூனியன் அரசியலும் அதில் வருகிறது, காற்றாலை வந்து இறங்குகிற காலமும் வருகிறது. நாற்பது வருடம் எஸ்டேட்டில் சங்கக் கூட்டம் பார்த்தவர் சும்மா இருக்க மாட்டார். இசை இளையராஜா, பண்ணைப்புரத்துக்காரர் என்பதை உங்கள் அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் படத்துக்குக் கேமரா தேனி ஈஸ்வர். அவரே கேமரா செய்த மலையாளப் படம் ஒன்று இருக்கிறது, அடுத்து அதைப் போடுங்கள்: லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் ‘நண்பகல் நேரத்து மயக்கம்’. 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்தது. வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு வேனில் ஊர் திரும்பும் மலையாளிக் கூட்டம். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் தூங்குகிறார்கள். மம்மூட்டி மட்டும் விழித்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, வயல் வழியாக ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் நடந்து, ஒரு வீட்டுக்குள் நுழைகிறார். கொடியில் கிடக்கிற லுங்கியை எடுத்துக் கட்டிக்கொண்டு தமிழில் பேச ஆரம்பிக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன்னால் காணாமல் போன சுந்தரம் என்கிறவராகவே ஆகிவிடுகிறார். பின்னணியில் படம் முழுக்கப் பழைய தமிழ்ப் பாட்டும் பழைய தமிழ்ப் பட வசனமும் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா பாட்டைக் கண்டுபிடிக்கட்டும். மெதுவான படம்தான். ஆனாலும் மத்தியான வெயிலில் ஊரே அடங்கிக் கிடக்கிற அந்த அமைதி, படுக்கையில் இருப்பவருக்கு ரொம்பப் பழக்கமான அமைதி. மம்மூட்டிக்குக் கேரள அரசின் சிறந்த நடிகர் விருதை வாங்கிக்கொடுத்த படம் இது.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்லியாக வேண்டும். மலையாளப் படத்தைத் தமிழ் டப்பிங்கில் போடாதீர்கள். சென்னையில் இருக்கிறவர்களுக்கு டப்பிங் தேவைப்படலாம். உங்கள் அப்பா நாற்பது வருடம் சூப்பர்வைசரிடம் மலையாளத்தில் சண்டை போட்டவர். படிக்க வராவிட்டாலும் காது தேர்ந்த காது. ‘நண்பகல்’ படத்தில் எல்லோரையும் ஒரே மொழி பேச வைத்துவிட்டால் படமே இல்லை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ (2024) படமும் அப்படித்தான். கொச்சி பக்கத்துப் பையன்கள் கொடைக்கானலில் மாட்டிக்கொண்டு, அரைகுறைத் தமிழில் போலீஸ்காரரிடமும் கடைக்காரரிடமும் கெஞ்சுகிறார்கள். அந்த அரைகுறையில்தான் தவிப்பு இருக்கிறது. டப்பிங்கில் அது காணாமல் போய்விடும். கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தையும் அணைத்துவிடுங்கள். அப்பாவுக்குப் புரியாத மலையாள வார்த்தையை உங்கள் அண்ணன் மகள் சொல்லட்டும். அவளுக்குப் புரியாத தமிழை அப்பா சொல்லட்டும். எல்லையில் குடியிருக்கிற குடும்பத்துக்கு மட்டும் கிடைக்கிற வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

ஆனால் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ இப்போது வேண்டாம். 2006-ல் குணா குகையில் ஒரு பையன் விழுந்து, நண்பன் இறங்கி மீட்ட உண்மைச் சம்பவம் அது. நல்ல படம், சந்தேகமே இல்லை. விழுந்து ஒரு மாதம்கூட ஆகாதவருக்கு அந்த விழுகிற காட்சி ஆகாது. அவர் வாக்கர் பிடித்து வாசலுக்கு வருகிற நாளில் பாருங்கள்.

அதே போல, “தேயிலைத் தோட்டப் படமாச்சே” என்று யாராவது பாலாவின் ‘பரதேசி’யை (2013) சொல்வார்கள். வால்பாறைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவலைத் தழுவியது. வெள்ளைக்காரன் காலத்துத் தோட்டக் கொடுமையை அப்படியே கண் முன்னால் வைக்கும். உங்கள் அப்பாவுக்கு அதைக் காட்ட நான் சம்மதிக்க மாட்டேன். அவருடைய தாத்தா பட்டதை அவர் கேட்டு வளர்ந்திருப்பார். மழையும் வலியும் சேர்ந்த மாதத்தில் அதைத் திரையில் வேறு பார்க்க வேண்டாம். நீங்கள் மட்டும் ஒரு நாள் பாருங்கள், கட்டாயம் பாருங்கள்.

நியூஸ் சேனல் கோபத்துக்கு என்னிடம் ஒரு மருந்து இருக்கிறது: ‘சந்தேசம்’ (1991). சீனிவாசன் எழுத, சத்யன் அந்திக்காடு இயக்கியது. தமிழ்நாட்டில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்புகிறார் திலகன். வந்து பார்த்தால் வீட்டில் ஒரு மகன் ஒரு கட்சி, இன்னொரு மகன் எதிர்க்கட்சி. சாப்பாட்டு நேரத்தில் போலந்து நாட்டைப் பற்றி அண்ணன் தம்பி போடுகிற சண்டையைப் பார்த்து உங்கள் அப்பா சிரிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள். தையல் இழுக்கிற அளவுக்குச் சிரித்தால் அவரே நிறுத்திக்கொள்வார், ரிமோட் அவர் கையில்தானே இருக்கிறது.

அப்பா ‘சந்திரமுகி’ பார்த்திருப்பார். அதற்கெல்லாம் மூலமான ‘மணிச்சித்ரதாழ்’ (1993) பார்த்திருக்கிறாரா என்று கேளுங்கள். ஃபாசில் இயக்கியது, ஷோபனாவுக்குத் தேசிய விருது. படத்தில் வருகிற பழைய வீட்டில் அடைந்து கிடக்கிறவள் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழ் ஆட்டக்காரி. ஷோபனா சட்டென்று மலையாளத்தை விட்டுத் தமிழில் பேசுகிற இடத்தில் நமக்குத் தூக்கிவாரிப்போடும். சில காட்சிகள் எடுத்தது பத்மநாபபுரம் அரண்மனையில். இருப்பது கன்னியாகுமரி மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு. பன்னிரண்டு வயதுப் பெண் ராத்திரி பயப்படலாம், அதனால் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

‘த்ரிஷ்யம்’ (2013), ‘பாபநாசம்’ (2015) இரண்டையும் ஜீத்து ஜோசப்பே இயக்கினார். முதலாவது உங்கள் இடுக்கியின் ராஜாக்காட்டில் நடக்கிற கதை, இரண்டாவது நெல்லைத் தமிழ். அப்பா ஒன்றைப் பார்த்திருந்தால் மற்றதைப் போட்டு, எங்கே எதை மாற்றியிருக்கிறார்கள் என்று பேத்தியோடு பந்தயம் கட்டச் சொல்லுங்கள்.

பழைய படம் கேட்டால் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978). மலையில் விஞ்ச் (மேலே இழுத்து ஏற்றுகிற இயந்திரம்) இயக்குகிற காளியாக ரஜினி. பெரிய அதிகாரியிடம் வணங்காத ஒரு தொழிலாளியை எஸ்டேட் ஆட்களுக்குப் பிடிக்காமல் போகாது. ‘செந்தாழம் பூவில்’ பாட்டு வரும்போது அம்மாவையும் சமையலறையிலிருந்து கூப்பிடுங்கள். மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’யும் (2022) அப்பாவுக்கு நெருக்கமாக இருக்கும். எண்பது வயதைத் தாண்டிய நல்லாண்டி என்கிற நிஜ விவசாயிதான் நாயகன்; படம் வெளிவருமுன் இறந்துவிட்டார். குலசாமி கும்பிடுக்காகக் கொஞ்சம் நெல் விதைத்த கிழவர், செத்துக் கிடந்த மயிலைப் புதைத்ததற்காக வழக்கில் சிக்குகிறார். ஜெயிலில் இருந்தாலும் அவருக்கு நாற்றுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்பதுதான் கவலை. ‘இனிமேல் நான் எதுக்கு உதவுவேன்’ என்று உங்கள் அப்பா எப்போதாவது சொல்லியிருந்தால், அந்தக் கிழவரைக் காட்டுங்கள்.

பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) பற்றி எனக்கே இரண்டு மனது. கடன் வாங்கி ஒரு பெண் கட்டுகிற சின்ன வீடு. பாதி எழும்பிய சுவரைத் தடவிப் பார்க்க வருகிற தாத்தா. லயத்திலிருந்து மூன்று சென்ட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் அருமை தெரிவது போல வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் சந்தோஷமான முடிவில்லை. அப்பா நடக்க ஆரம்பித்த பிறகு பார்க்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

அண்ணன் மகளுக்கு ‘காக்கா முட்டை’ (2015). பீட்சா தின்ன ஆசைப்படுகிற இரண்டு பொடியன்களின் படம், எல்லோரும் சேர்ந்தே பார்க்கலாம். தொடர் என்றால் நான் முதலில் சொல்வது ‘அயலி’ (2023). எட்டே பகுதிகள். பெண் பூப்படைந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திக் கல்யாணம் கட்டிவைக்கிற புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். டாக்டராக ஆசைப்படுகிற ஒரு பெண், தான் வயதுக்கு வந்ததை மறைத்துவிடுகிறாள். அம்மாவாக நடித்த அனுமோள் கேரளத்துக்காரர். இந்த வயதில் உங்கள் அண்ணன் மகளுக்குக் கேட்கத் தோன்றும் கேள்விகள் நிறைய இருக்கும், அதனால் அவளைத் தனியாக விடாமல் நீங்களும் அம்மாவும் கூட உட்காருங்கள். ‘சுழல்’, ‘விலங்கு’ என்று இரண்டு துப்பறியும் தொடர்களைப் பலரும் சொல்வார்கள். இரண்டும் விறுவிறுப்பானவைதான், ஆனால் அவள் இருக்கும்போது வேண்டாம்.

உங்களுக்கென்று நீங்கள் எதுவும் கேட்கவில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, அப்பாவுக்குப் படமும் தேடுகிற பெண்ணுக்கு நான் ஒன்று தருகிறேன்: ஜியோ பேபியின் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’ (2021). மலையாளத்திலேயே பாருங்கள், முடிந்தால் அம்மாவோடு.

எந்தப் படம் எந்த ஆப்பில் இருக்கிறது என்பது மாதத்துக்கு மாதம் மாறுகிறது. டிவி ரிமோட்டில் மைக் இருந்தால் அமுக்கிப் படத்தின் பெயரைச் சொல்லுங்கள், காட்டிவிடும். அப்புறம் உங்கள் ஊர் மழையைப் பற்றி எனக்குத் தெரியும். கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. முந்தின ராத்திரியே படத்தை போனில் டவுன்லோடு செய்து வையுங்கள். டிவி அணைந்தால் அப்பாவின் தலையணை ஓரமாக போனைச் சாய்த்து வைத்து, மூன்று பேரும் நெருங்கி உட்கார்ந்து மீதியைப் பார்க்கலாம்.

சனிக்கிழமை ஆரம்பித்துவிடுங்கள். ‘மேற்குத் தொடர்ச்சி மலை’யை உங்கள் அப்பா முதலில் எந்த இடத்தில் நிறுத்தினார், நிறுத்திவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். காத்திருக்கிறேன்.