ஸ்லைடில் பழுப்பு ஏறாதது ஏன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மார்பகப் புற்றுக் கட்டிகளில் கேஐ-67 (பெருகும் செல்களின் உட்கருவில் இருக்கும் புரதம்) பார்க்கிறோம். ஆன்டிபாடி அதைப் பற்றிய இடம் பழுப்பாகத் தெரியவேண்டும். ஆன்டிபாடியின் செறிவைக் கூட்டியும் உட்கருவில் நிறம் மங்கலாகவே வருகிறது. பாட்டில் கெட்டுவிட்டதா? – ஆய்வக டெக்னீஷியன்

பதில்: பாட்டிலை எறிந்துவிடாதீர்கள். அதே ஸ்லைடின் ஓரத்தில் ஒரு டான்சில் துண்டையும் ஏற்றி மறுபடி ஓட்டுங்கள். டான்சிலின் ஜெர்மினல் சென்டர் எனும் திட்டுகளில் செல்கள் விறுவிறுவென்று பெருகுவதால் அங்கே உட்கருக்கள் அடர்பழுப்பாக வரவேண்டும். அங்கேயும் மங்கல் என்றால் கோளாறு பெரும்பாலும் சூடேற்றும் கட்டத்தில்தான். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் புரதங்களைப் பின்னிப் பிணைத்து, ஆன்டிபாடி பற்றவேண்டிய இடத்தை மூடிவிடுகிறது. சூடேற்றினால்தான் அது திறக்கும். 1983இல் ஜெர்மனியின் கீல் நகரில் உருவான முதல் கேஐ-67 ஆன்டிபாடி உறையவைத்த திசுவில் மட்டுமே வேலை செய்தது. எம்ஐபி-1 என்ற குளோனும் (புதிய ஆன்டிபாடி வகை) மைக்ரோவேவ் சூடும் சேர்ந்த பிறகுதான் பாரஃபின் மெழுகில் பதித்த திசுவில் இதைப் பார்க்க முடிந்தது.

10 மில்லிமோலார் சிட்ரேட் பஃபர் (பிஹெச் 6.0) அல்லது டிரிஸ்-இடிடிஏ (பிஹெச் 9.0), இரண்டையும் சோதித்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். 95–98 டிகிரியில் 20 நிமிடம். பஃபர் அந்தச் சூட்டை எட்டிய பிறகே கடிகாரத்தைப் பாருங்கள். பலரும் தவறுவது இங்கேதான். பிறகு பஃபரிலேயே 20 நிமிடம் ஆறவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் திசு ஸ்லைடிலிருந்து பெயர்ந்துவிடும்.

டான்சில் பளிச்சென்று வந்து கட்டி மட்டும் மங்கினால் ஆன்டிபாடியின் மேல் குற்றமில்லை. கட்டியில் பிளவுபட்டுக்கொண்டிருக்கும் செல்களைத் தேடுங்கள். மைட்டாசிஸில் இருக்கும் செல்லில் கேஐ-67 இருந்தே தீரும். அதுவும் பழுப்பேறாமல் நீலமாக நின்றால் அந்த ஸ்லைடுக்கு ரிப்போர்ட் எழுதாதீர்கள். நோயாளியின் சிகிச்சை, பழுப்பேறிய கட்டிச் செல்களின் சதவீதத்தைப் பார்த்து மாறக்கூடும். ஓரத்தில் நல்ல நிறம், நடுவில் வெளிறல் என்றால் ஃபார்மலின் உள்ளே இறங்கவில்லை. அறுவை முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் கட்டியை 5 மில்லிமீட்டர் துண்டங்களாகக் கீறி, கட்டியின் அளவைப் போல் குறைந்தது பத்து மடங்கு 10% நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் போடச் சொல்லுங்கள். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்தைத் தாண்டாமல் ஊறட்டும். சீவி மாதக்கணக்கில் வைத்திருந்த ஸ்லைடுகளிலும் நிறம் குன்றும். 3–4 மைக்ரானில் புதிதாகச் சீவுங்கள்.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறான தொல்லை. ஸ்லைடு முழுக்கப் பழுப்பு! – நோயியல் முதுகலை மாணவி

பதில்: ஓரங்களில் மட்டும் அடர்ந்திருந்தால் ஓட்டத்தின் நடுவே திசு காய்ந்திருக்கிறது, ஈர அறையில் வையுங்கள். சிவப்பணுக்கள் பழுப்பாகத் தெரிந்தால் 3% ஹைட்ரஜன் பெராக்சைடில் 10 நிமிடம் வைக்கும் கட்டம் சரியாக நடக்கவில்லை. எல்லா இடமும் சீராகப் பழுத்திருந்தால் ஆன்டிபாடியை 1:50, 1:100, 1:200, 1:400 என்று நீர்த்துப் பாருங்கள். பஃபரில் சோடியம் அசைடு மட்டும் வேண்டாம். அது பழுப்பு நிறத்தை உண்டாக்கும் பெராக்சிடேஸ் நொதியை முடக்கி, உண்மையான நிறத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: சுண்டெலித் திசுவில் எம்ஐபி-1 வேலை செய்யவில்லையே? – ஆராய்ச்சி மாணவர்

பதில்: செய்யாது. அது மனிதப் புரதத்துக்கான குளோன். முயலில் உருவாக்கிய எஸ்பி6 ஆன்டிபாடியை வாங்குங்கள். எம்ஐபி-1 போல் சுண்டெலியில் உருவாக்கிய ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவில் போடும்போது வரும் பின்னணி நிறமும் இதனால் ஒழியும்.

கேள்வி: சைக்ளின் டி1 என்ற புரதத்துக்கும் டான்சிலையே கன்ட்ரோலாக (ஒப்பிட்டுப் பார்க்கும் திசுவாக) வைக்கலாமா? கேஐ-67-க்கு எத்தனை செல் எண்ணவேண்டும்? – அதே மாணவர்

பதில்: வைக்கலாம்; ஆனால் பார்க்கும் இடம் வேறு. சைக்ளின் டி1 டான்சிலைப் போர்த்தியிருக்கும் செதில் எபிதீலியத்தின் அடிப்பகுதி செல்களில் ஏறவேண்டும், ஜெர்மினல் சென்டரின் லிம்ஃபோசைட்டுகளில் ஏறக்கூடாது. அங்கே ஏறினால் மேன்டில் செல் லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்று) என்று தவறாகப் படிக்க நேரும். கேஐ-67-க்கு 500 கட்டிச் செல்களுக்குக் குறையாமல் எண்ணுங்கள், 1000 என்றால் இன்னும் நல்லது. நிறம் வெளிறியிருந்தாலும் உட்கருவில் இருந்தால் சேருங்கள். சைட்டோபிளாசத்தில் மட்டும் இருந்தால் விடுங்கள். மார்பகப் புற்றில் 5% வரையும் 30%-க்கு மேலும் வரும் எண்களை நம்பலாம். இடைப்பட்டவை ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால், அவற்றை மட்டும் வைத்து கீமோதெரபியை முடிவு செய்யக்கூடாது.