பாதியில் நின்ற எம்ஜிபி கார் வேலையை எங்கே தொடங்குவது?

பல வருடமாகப் பிரித்துப் போட்ட 1965 எம்ஜிபி ரோட்ஸ்டரை, அதாவது அந்தப் பழைய பிரிட்டிஷ் திறந்த ஸ்போர்ட்ஸ் காரை, எப்படி முடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெயின்ட், குரோம் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம், கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' எனும் இரும்புச் சட்டங்களைப் பாருங்கள். இந்தக் காருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, இரும்புக் கூரையும் இல்லை, பாடியின் பலத்தில் பெரும்பங்கு அந்தச் சில்களில்தான் இருக்கிறது. அதனால் துருப்பிடித்ததை வெட்டும் முன் கதவு இடைவெளியில் குறுக்குக் கம்பி வைத்து வெல்டிங் அடித்துவிடுங்கள், இல்லையென்றால் பாடி நடுவில் தொய்ந்துபோய் அப்புறம் கதவே சரியாக மூடாது. துரு ரொம்ப மோசமா? பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் புது பாடியே செய்து விற்கிறது, விலைதான் வலிக்கும்.

இன்ஜினை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். பிளக்குகளைக் கழற்றி சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். ஒன்று கவனம், அந்தக் கால எம்ஜிபியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும், இன்றைய கார் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.